தண்டுவட அடிக்கு அக்குபஞ்சர்: போன ஏழு மாசத்தை யார் திருப்பிக் குடுப்பாங்க?

1/ போன வாரம் ஒரு தம்பியை ஆம்புலன்ஸ்ல இருந்து ஸ்ட்ரெச்சரோட இறக்கினாங்க. வயசு 26. லோடு லாரியில தார்ப்பாய் கட்டுறப்போ மேல இருந்து விழுந்தவர். விழுந்து ஏழு மாசம் ஆச்சு. இப்ப வந்தது முதுகுக்கு இல்லைங்க, காய்ச்சலுக்கு. போர்வையை விலக்கிப் பார்த்தா இடுப்புக்குப் பின்னாடி உள்ளங்கை அளவுக்குக் குழி. அடியில எலும்பு தெரியுது.

2/ அவங்க அம்மா என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை புண்ணைப் பத்தி இல்லை. "கால் நல்லா ஆட ஆரம்பிச்சிருச்சுங்க சார். இன்னும் இருவது சிட்டிங் போனா எந்திரிச்சு நடந்துருவான்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள இந்தக் காய்ச்சல் வந்துருச்சு."

3/ யார் சொன்னாங்கன்னு கேட்டேன். அக்குபஞ்சர் சென்டர். ஆறு மாசமா வாரத்துக்கு மூணு நாள் காருக்கு வாடகை குடுத்து, பையனைப் பின் சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு மாடு வித்தாச்சு. வீட்ல வாட்டர் பெட் இருக்காம்மான்னு கேட்டா, "அதுக்கெல்லாம் காசு ஏதுங்க" அப்படின்னாங்க.

4/ இந்த இழை அந்த ஒரு வரிக்காகத்தான். கொஞ்சம் நீளம். லாரி, ரிக் வண்டி, தென்னை மரம், கிணறு, கோழிப்பண்ணைக் கூரைன்னு உயரத்துல நின்னு பொழைக்கிற ஊர் நம்முது. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் இருக்கிறவங்க இதை ஒரு தடவை முழுசாப் படிங்க. நாளைக்கு நம்ம வீட்டுக்கே தேவைப்படலாம்.

5/ முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அக்குபஞ்சர்ங்கிற பேரைக் கேட்டாலே கத்துற ஆள் நான் இல்லை. மூட்டு வலிக்கோ கழுத்து வலிக்கோ போய் "நல்லா இருக்கு டாக்டர்"னு சொல்ற நோயாளிகள் எனக்கும் இருக்காங்க. சரிங்க, சந்தோஷம்னு விட்டுடுவேன். வலி வேற. அறுந்துபோன தண்டுவடம் வேற. என் சண்டை ரெண்டாவதுக்கு மட்டும்தான்.

6/ தண்டுவடம்னா என்ன? மூளையில இருந்து கீழே இறங்கற நரம்புக் கத்தை. சுண்டுவிரல் தடிமன், சுமார் 45 செ.மீ. நீளம். முதுகெலும்புக்குள்ள பத்திரமா இருக்கு. "காலைத் தூக்கு"ன்னு மேல இருந்து போற உத்தரவும், "முள்ளு குத்துது"ன்னு கீழ இருந்து வர்ற செய்தியும் இந்த ஒரே பாதையிலதான். மூத்திரம், மலம், ரத்த அழுத்தம், வேர்வை எல்லாத்துக்குமான உத்தரவும் இதே வழிதான்.

7/ கையில நரம்பு அறுந்து தைச்சா, அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல மெதுவா வளரும். தண்டுவடத்து நரம்பு இழை அப்படி வளராது. அடிபட்ட இடத்துல தழும்பு கட்டி வழியை அடைச்சுக்கும். அதை மறுபடி வளர வைக்கிற வழி உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலும் இன்னும் வரலை. எங்ககிட்டயும் இல்லை, ஊசிக்காரர்கிட்டயும் இல்லை.

8/ பரமத்தி வேலூர் பக்கம் ராஜவாய்க்கால் பாக்குறவங்களுக்கு ஈஸியாப் புரியும். நடுவுல வாய்க்கால் உடைஞ்சு போச்சு. நீங்க கடைமடைக்குப் போய் மடையைத் திறந்து திறந்து மூடினா தண்ணி வருமா? செயல் இல்லாத காலுல ஊசி குத்துறது அதுதான். அந்தக் குத்தோட செய்தி உடைப்பு வரைக்கும்தான் போகும். அதுக்கு மேல வழி இல்லை.

9/ "அப்ப கால் ஆடினது பொய்யா டாக்டர்?" பொய் இல்லை. அந்த அம்மா கண்ணால பார்த்தது நிஜம். ஆனா அதுக்கு அர்த்தம் வேற. இந்த இழையில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கங்க.

10/ தண்டுவடத்துல பலமா அடிபட்ட உடனே, அடிக்குக் கீழ எல்லாமே அணைஞ்சுபோயிடும். கால் துணி மாதிரி தொளதொளன்னு கிடக்கும். இதுக்கு ஸ்பைனல் ஷாக்னு பேரு. நாளாக நாளாக, பல பேருக்குச் சில வாரத்துல, அடிக்குக் கீழ இருக்கிற தண்டுவடத் துண்டு தானாவே முழிச்சுக்கும். ஆனா மூளையோட பிடி அதுக்கு இல்லை. கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி.

11/ அப்ப என்ன ஆகும்? போர்வை உரசினா கால் துள்ளும். பாதத்தைத் தொட்டா முழங்கால் மடங்கும். ராத்திரி தானா வெட்டி வெட்டி இழுக்கும். தசை இறுகும். ஸ்பாஸ்டிசிட்டின்னு சொல்றது இதைத்தான். ஊசி போட்டாலும் வரும், போடலைன்னாலும் வரும். வீட்ல சும்மா படுத்திருந்தாலும் வரும்.

12/ இப்பக் கணக்குப் போடுங்க. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சு, மூணு நாலு வாரத்துல டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்ததும் யாரோ சொல்லி அக்குபஞ்சர். பத்தாவது சிட்டிங்ல கால் "ஆடுது". குடும்பமே அழுது கும்பிடுது. வீடியோ எடுக்குறாங்க, அது வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் சுத்துது. வந்த பேரு யாருக்கு? ஊசிக்கு. வந்தது எதனால? நாள் ஆனதால.

13/ வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கு, காசு வேண்டாம். "தம்பி, வலது கால் கட்டை விரலை மட்டும் மேல தூக்கு. நிறுத்து. மறுபடி தூக்கு." சொன்னா தூக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். அதுதான் மூளையில இருந்து வர்ற அசைவு. சொல்லாதப்போ தானா ஆடறதும், தொட்டா துள்றதும் அது இல்லை.

14/ அடுத்தது: "இல்லை டாக்டர், எங்க ஊர்ல ஒருத்தர் நிஜமாவே நடந்துட்டார்." நடந்திருப்பார். நான் நம்பறேன். ஏன்னா தண்டுவட அடி எல்லாமே ஒண்ணு இல்லை.

15/ உலகம் முழுக்க ஏ முதல் இ வரைன்னு 5 தரமாப் பிரிக்கிறோம். ஏ-ன்னா முழுப் பாதிப்பு. பி-ன்னா உணர்ச்சி மட்டும் கொஞ்சம் மிச்சம். சி, டி-ன்னா அசைவும் மிச்சம். இ-ன்னா இயல்பு. இதுல டி தரத்துல இருக்கிறவங்க பெரும்பாலும் நடந்துடுவாங்க. சி-யில கணிசமான பேர் நடப்பாங்க. பி-யில சில பேர். முதல்ல ஏ-ன்னு எழுதினவங்கள்லயும் பத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் ஒரு படியாவது மேல வர்றாங்க. ஆனா அதுல நடக்கிற அளவுக்குத் தேறுறவங்க ரொம்பக் குறைவு.

16/ இந்த முன்னேற்றத்துல பெரும்பகுதி முதல் 6 முதல் 9 மாசத்துல வரும். அப்புறம் ஒண்ணரை, ரெண்டு வருஷம் வரைக்கும் மெதுவா வரலாம். அந்த முதல் 9 மாசத்துல நீங்க எந்தக் கதவைத் தட்டியிருந்தீங்களோ, அந்தக் கதவுக்குப் பேரு போகும். அக்குபஞ்சர், எண்ணெய்க் கட்டு, ஸ்டெம் செல், குலசாமி, எதுவா இருந்தாலும். நடந்தவர் வீடியோவுல வருவார். நடக்காத ஒன்பது பேர் வீட்ல படுத்திருப்பாங்க. அவங்களை யாரும் வீடியோ எடுக்கறதில்லை.

17/ ஏ-யா பி-யான்னு எப்படித் தெரியும்? ஆசனவாயைச் சுத்தி பஞ்சால தொட்டும், பின்னால குத்தியும் உணர்ச்சி பாக்கணும். விரலை உள்ள விட்டு "இறுக்குங்க"ன்னு சொல்லிப் பாக்கணும். சங்கடமான பரிசோதனைதான். ஆனா அதைச் செய்யாம இந்த நோயாளியோட எதிர்காலத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. உங்களுக்கு "மூணு மாசத்துல நடக்க வெச்சிடறேன்"னு சொன்னவர் இதைப் பார்த்தாரா? நாடி மட்டும் பிடிச்சுப் பார்த்தாரா?

18/ "ஆராய்ச்சியே இருக்கு டாக்டர், சும்மா பேசாதீங்க"ன்னு ஒருத்தர் லிங்க் அனுப்புவார். தெரியும். 2003-ல தைவான்ல வந்த ஆய்வு, அடிபட்ட புதுசுல இருந்த 100 பேரை வெச்சு. ஏ, பி தரத்துக்காரங்க. அக்குபஞ்சர் குடுத்த குழு கூடுதலாத் தேறினதா எழுதினாங்க. அதை முழுசாப் படிச்சிருக்கேன். நீங்களும் படிங்க.

19/ அதுல கவனிக்க வேண்டியது மூணு. ஒண்ணு, கைகால் புள்ளிகள்ல ஊசி இல்லை, தோல் மேல ஒட்டுற மின்முனை. கூட காதுல அக்குபஞ்சர். ரெண்டு, மத்த குழுவுக்குப் போலி சிகிச்சை எதுவும் குடுக்கலை. அதனால தேறினது எதால, முதல்லயே எத்தனை பேர் தேறக்கூடியவங்களா இருந்தாங்கன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. மூணு, ரெண்டு குழுவுக்குமே முறையான மறுவாழ்வுப் பயிற்சி நடந்துச்சு. "ஆஸ்பத்திரிக்குப் போகாதே, பிசியோ வேண்டாம், ஊசி போதும்"னு அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

20/ அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. போலி ஊசியோட ஒப்பிட்டு, முழுப் பாதிப்பு ஆனவங்களை அக்குபஞ்சர் நடக்க வெச்சதுன்னு நிரூபிச்ச பெரிய ஆய்வு ஒண்ணுகூட இல்லை. 1998-ல வந்த ஒரு அலசல் இன்னொண்ணையும் காட்டுச்சு: சீனா, தைவான், ஹாங்காங், ஜப்பான்ல இருந்து அதுல எடுத்துக்கிட்ட அக்குபஞ்சர் ஆய்வுகள் அத்தனையும் "வெற்றி"தான். தோல்வியே இல்லாத பரீட்சைன்னா, திருத்துனவரைத்தானே முதல்ல சந்தேகப்படணும்?

21/ "உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிச்சே!" அதையும் பாத்துடலாம். 2003-ல அவங்க வெளியிட்ட பட்டியல்ல தண்டுவட அடின்னு ஒரு வரி உண்டு. ஆனா "கால் வரும்"னு இல்லை. தண்டுவட அடியில வர்ற மூத்திரப்பைக் கோளாறுக்கு, அதுவும் "வேற வைத்தியம் கஷ்டம், முயற்சி பண்ணிப் பாக்கலாம்"ங்கிற மூணாவது வகையில. அதே வகையில நிறக்குருடும் செவிட்டுத்தன்மையும் இருக்கு. இதை ஃப்ளெக்ஸ் போர்டுல முழுசா அடிப்பாங்களா?

22/ "மத்திய அரசு அங்கீகரிச்சிருக்கே!" ஆமா, 2019 பிப்ரவரியில. அக்குபஞ்சரை ஒரு தனிச் சிகிச்சை முறையா ஏத்துக்கிட்டாங்க. டிரைவிங் லைசென்ஸ் குடுத்தா லாரி பறக்கும்னு அர்த்தமா? தண்டுவடத்தை ஒட்ட வைக்கும்னு அந்த உத்தரவு எங்கயும் சொல்லலை.

23/ இன்னொரு ஆபத்து. "ஊசிதானே, நல்லது பண்ணலைன்னாலும் கெட்டது பண்ணாது." பண்ணும். உணர்ச்சி இல்லாத காலுக்கு அருகுல மூலிகை நெருப்பு, சூட்டு விளக்கு, சூடான ஒத்தடம். சுட்டாத் தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, சீழ் பிடிச்ச பிறகுதான் தெரியும். இப்படி வந்த பாதங்களை நான் பார்த்திருக்கேன்.

24/ நெஞ்சு மட்டத்துக்கு மேல அடிபட்டவங்களுக்கு இன்னொண்ணு. கீழ எங்கயாவது குத்தினா, இழுத்தா, மூத்திரப்பை ரொம்பினா, அவங்களுக்கு வலி தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியும். ரத்த அழுத்தம் கிடுகிடுன்னு ஏறும். தலை வெடிக்கிற வலி, முகம் சிவந்து வேர்வை. ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியான்னு பேரு. கவனிக்கலைன்னா மூளையில ரத்தக்கசிவே வரும். உடனே நிமிர்த்தி உக்கார வெச்சு, டியூப் மடங்கி அடைச்சிருக்கான்னு பாக்கணும். "கெட்ட சக்தி வெளியேறுது, பயப்படாதீங்க"ன்னு சொல்லக் கூடாது.

25/ ஆனா உண்மையான கேடு ஊசியில இல்லை. அந்த ஏழு மாசத்துல இருக்கு. தண்டுவடம் அடிபட்டவங்களைக் கொல்றது பெரும்பாலும் கால் வராதது இல்லைங்க. படுக்கைப் புண், மூத்திரத் தொற்று, கிட்னி கெட்டுப்போறது, நெஞ்சுச் சளி, காலுல ரத்தக் கட்டி. இது அஞ்சும் தடுக்கக்கூடியது. தடுக்க வேண்டிய நேரத்துல குடும்பத்தோட கண்ணு முழுக்க கால் கட்டை விரல் மேல இருந்துச்சு.

26/ இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்லை. முதல் உலகப் போர்ல தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்க செத்தே போனாங்க. 1944-ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன்ங்கிற டாக்டர் என்ன பண்ணினார்? புது மருந்து எதுவும் இல்லை. ராவும் பகலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வெச்சார். மூத்திரத்தைச் சுத்தமா எடுத்தார். எந்திரிச்சு உக்காந்து வேலை செய்ய வெச்சார். ஆளுங்க பொழைச்சாங்க.

27/ பொழைச்சதோட நிக்கலை. 1948-ல அதே ஆஸ்பத்திரி மைதானத்துல 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வெச்சார். அதுல இருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக். நம்ம சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-ல ரியோவுல தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டியோட தாய்வீடு ஒரு தண்டுவட வார்டு. அவருக்கு இருந்தது கால் பாதிப்பு, வேற கதை. ஆனா அந்த மேடையைப் போட்டது "நடக்கலைன்னாலும் வாழ்க்கை இருக்கு"ன்னு நம்பின ஒரு வார்டு.

28/ நம்ம ஊர்க் கதை வேணுமா? 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயல் போன டாக்டர் மேரி வர்கீஸ். வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, வேலூர் சிஎம்சி-யில அந்தத் துறையையே ஆரம்பிச்சார். 1966-ல அங்க மறுவாழ்வு மையம் வந்துச்சு. சேலத்துல இருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான்.

29/ 1975-ல கடற்படைத் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ செயல் போனவர் எஸ். ராமகிருஷ்ணன். அப்ப கல்லூரி மாணவர். 1981-ல தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கத்தை ஆரம்பிச்சார். 2020-ல பத்மஸ்ரீ. இவங்க ரெண்டு பேரும் மறுபடி நடக்கலை. யாராவது இவங்களைப் பார்த்து "வீணாப் போன வாழ்க்கை"ன்னு சொல்லுவீங்களா?

30/ இப்ப எங்க பக்கத்துக் குத்தத்துக்கு வர்றேன். இதைச் சொல்லாம மேல சொன்னதெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தத் தம்பியோட டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். ஸ்க்ரூ, ராடு, எம்ஆர்ஐ எல்லாம் ரெண்டு பக்கம் இருக்கு. கடைசி வரி: "பிசியோதெரபி தொடரவும்." அவ்ளோதான். எத்தனை மணிக்கு ஒரு தடவை திருப்பணும், டியூப் எப்படி மாத்தணும், கால் வருமா வராதான்னு அந்த அம்மாவுக்கு யாரும் உக்காந்து சொல்லலை.

31/ "பாக்கலாம்மா, நரம்புதானே, டைம் எடுக்கும்"னு சொல்லி அனுப்பிடறோம். கெட்ட சேதி சொல்ல எங்களுக்குப் பயம். நேரமும் இல்லை. ஊசிக்காரர் என்ன பண்றார்? ஒரு மணி நேரம் உக்காந்து பேசறார். காலைத் தொடறார். பேர் சொல்லிக் கூப்பிடறார். நடந்துருவேன்னு சொல்றார். நாங்க விட்டுட்டுப் போன இடத்துலதான் அவர் ஊசி இறங்குது.

32/ அதுக்காக ரெண்டும் ஒண்ணு ஆகிடாது. 1990-ல வந்த ஒரு ஆய்வை நம்பி, தண்டுவட அடிக்கு நாங்க எல்லாரும் அதிக டோஸ் ஸ்டீராய்டு போட்டோம். பல வருஷம் அதுதான் வழக்கம். அப்புறம் நன்மை சரியா நிரூபணம் ஆகலை, கெடுதல் உண்டுன்னு தெரிஞ்சு, 2013-ல அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர்களோட வழிகாட்டுதல் வேண்டாம்னு சொல்லிடுச்சு. தப்புன்னு தெரிஞ்சா கைவிடணும். "இந்தப் புள்ளி வேலை செய்யலை, இனி இதுக்கு நாங்க காசு வாங்க மாட்டோம்"னு ஒரு சென்டர் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?

33/ அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" நல்ல திட்டம். 2021 டிசம்பர்ல இருந்து விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எத்தனையோ உசுரு பொழைச்சிருக்கு. ஆனா தண்டுவடக்காரருக்கு 49-வது மணி நேரத்துலதான் வாழ்க்கையே ஆரம்பிக்குது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலயும் பத்து பெட், ரெண்டு பிசியோ, டியூப் சொல்லிக்குடுக்க ஒரு நர்ஸ் இருந்தா, பாதி சென்டர்களுக்கு வேலை இருக்காது.

34/ சரி, வீட்ல யாருக்காவது ஆகிடுச்சுன்னா என்ன பண்ணணும்? விழுந்தவரை ரெண்டு கை ரெண்டு கால் பிடிச்சுத் தூக்காதீங்க. உக்கார வெச்சுத் தண்ணி குடுக்காதீங்க. கழுத்தையும் முதுகையும் வளையாம, நாலு பேர் சேர்ந்து ஒரே கட்டையா உருட்டிப் பலகையில ஏத்தணும். 108 வர்ற வரைக்கும் அசைக்காதீங்க. லாரிப் பட்டறையிலயும் ரிக் வண்டியிலயும் இதைச் சொல்லி வைங்க.

35/ வீட்டுக்கு வந்த பிறகு: படுக்கையில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, ராத்திரியும். வீல்சேர்ல கால்மணி, அரைமணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லுங்க. தினம் காலையிலயும் ராத்திரியும் முதுகு, இடுப்பு, குதிகாலை வெளிச்சத்துல பாருங்க. சிவப்பு போகலைன்னா அந்த இடத்துல பாரம் படவே கூடாது. காசு இருந்தா முதல்ல வாட்டர் பெட்டோ ஏர் பெட்டோ வாங்குங்க. சிட்டிங்குக்கு அப்புறம் யோசிக்கலாம்.

36/ மூத்திரத்துக்கு: நிரந்தர டியூபை வருஷக்கணக்கா விடாம, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன டியூப் போட்டு எடுத்துட்டு உருவிடற முறை இருக்கு. 1972-லயே வந்தது. கையை சோப்புப் போட்டுக் கழுவினாப் போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம். கை நல்லா இருக்கிறவர் தானே கத்துக்கலாம். கிட்னியைக் காப்பாத்தறது இதுதான். எந்தப் புள்ளியில குத்தினாலும் இதுக்கு ஈடாகாது. உங்களுக்கு இது ஒத்து வருமான்னு டாக்டர்கிட்ட கேட்டு, நர்ஸ்கிட்ட கையால செஞ்சு பார்த்துக் கத்துக்கங்க.

37/ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோவும் நர்ஸும் வர்றாங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல அடையாள அட்டை போடுங்க. தண்டுவடம் பாதிச்சவங்களுக்கு உதவித்தொகையும் வீல்சேரும் அங்க கேட்கலாம். "அட்டை போட்டா ஊனம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும்"னு தள்ளிப் போடாதீங்க. கால் வந்தா அட்டையைத் திருப்பிக் குடுத்துக்கலாம்.

38/ அப்படியும் மனசு கேக்காம ஊசிக்குப் போகணும்னா, நான் தடுக்கலை. போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. என் பையன் எந்தத் தரம், ஏ-யா பி-யா? முன்னாடி பின்னாடி தசை பலத்தை எழுதித் தருவீங்களா? எத்தனை சிட்டிங்ல மாற்றம் இல்லைன்னா நீங்களே நிறுத்தச் சொல்லுவீங்க? படுக்கைப் புண்ணும் மூத்திரமும் உங்க பொறுப்பா? நாலுக்கும் பதில் வரலைன்னா எந்திரிச்சு வந்துருங்க. கோபப்பட்டார்னா இன்னும் வேகமா வந்துருங்க.

39/ நேத்து அந்த அம்மாகிட்ட உக்காந்து சொன்னேன். கட்டை விரல் டெஸ்ட்டை அவங்க முன்னாடியே பண்ணினோம். தம்பி கண்ணை மூடிக்கிட்டு முழு பலத்தையும் குடுத்து முயற்சி பண்ணினார். விரல் அசையலை. அப்புறம் போர்வையை இழுத்தேன். கால் துள்ளுச்சு. அந்த அம்மா பார்த்தாங்க. ரொம்ப நேரம் எதுவும் பேசலை. "இதை மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா, அந்தக் காசுல படுக்கை வாங்கியிருப்பேனுங்களே" அப்படின்னாங்க.

40/ அந்தத் தம்பிக்குப் புண் ஆற இன்னும் மாசக்கணக்குல ஆகும். ஒட்டு ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனா நேத்து சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "சார், கால் வராதுன்னா கையால ஓட்டுற வண்டி இருக்காமே, அதுக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா?" குடுப்பாங்க தம்பின்னு சொன்னேன். ஏழு மாசத்துல அவர் கேட்ட முதல் சரியான கேள்வி அதுதான். அதைக் கேக்க விடாமப் பண்ணினதுதான் அந்த ஊசி மேல எனக்கு இருக்கிற கோபம்.

41/ லாரிப் பட்டறை, ரிக், பண்ணை, தென்னந்தோப்பு வேலைக்காரங்க இருக்கிற குரூப்ல இதைப் போட்டு விடுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சு ராத்திரி பதில் சொல்றேன். ஊசிக்காரங்க வந்து திட்டறதுன்னாலும் திட்டுங்க. திட்டறதுக்கு முன்னாடி 38-ல இருக்கிற நாலு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் திட்டுங்க. முற்றும்.